மலை தோன்றிய காலம்

தமிழில் ‘தோன்றுதல்’ என்னும் சொல் இருபொருள் உடையது. பிறத்தல் என்பது ஒன்று. கண்ணுக்குப் புலப்படுதல் என்பது மற்றொன்று. ஓர் ஊரில் ஒரு புலவர் தோன்றினார் என்றால் பிறந்தார் என்று கொள்கிறோம். வானிற் பிறை தோன்றியது என்றால் நிலவு அன்றுதான் பிறந்தது என்று எவரும் கொள்வதில்லை; முன்பே இருந்தது இப்போது கண்ணிற் பட்டது என்றே கொள்கிறோம். ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையின் கரந்தைப் படலத்தில், கல்லும் மண்ணும் தோன்றிய முறையைச் சுட்டிக் குடியின் பழமையைப் புகழும் வெண்பா ஒன்று உண்டு. மேடைதோறும் எடுத்தாளப்படும் அவ்வெண்பாவைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். அதிலே கல் ‘தோன்றுதல்’ என்பதற்கு எப்பொருள் கொள்வது என்று நான் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன்.

சுங்கை காடுட் வட்டாரத்திலிருந்து கிழக்கே நோக்கினால் அங்சி மலையும் அதனைச் சார்ந்த குன்றுகளும் தெரியும். அங்சியின் உயரம் 825 மீட்டர். அதனைச் சுட்டி, “ஐயா, அந்த மலைக்கு என்ன வயது?” என்று கேட்டான் அம்மாணவன். “இருபது கோடி ஆண்டுக்கு மேல்,” என்றேன். “அப்படியானால் இருபது கோடி ஆண்டாக அது அங்கேயே நிற்கிறதா?” என்றான். “ஆம்,” என்று சொல்லிப் பாடத்திற்குத் திரும்பினேன். என் முதல் விடை சரி. இரண்டாவது விடை தவறு. கல்லின் வயதை மலையின் வயதாகச் சொல்லிவிட்டேன். அத்தவறு எங்ஙனம் நேர்ந்தது, அதனைத் திருத்தும் வழியை அறிவியலார் எவ்வாறு கண்டனர் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நம்மவர் ஒருவர் நிற்கிறார் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

கல் வேறு, மலை வேறு

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு தித்திவங்சா மலைத்தொடர். தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரை அது நீண்டு கிடக்கிறது. அதன் உயர்ந்த முடி பேராக்கிலுள்ள கோர்பு. உயரம் 2,183 மீட்டர். இத்தொடரின் பெரும்பகுதி கிரானைட்டுக் கல்லால் ஆனது.

கிரானைட்டு எரிமலையின் வாயிலிருந்து வழிந்து ஆறிய கல் அன்று. உருகிய குழம்பு நிலத்தின் மேற்பரப்பை எட்டாமல், பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கி, மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகியது. மெதுவாக இறுகியதால்தான் அதன் மணிகள் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியனவாக இருக்கின்றன. ஆகவே கிரானைட்டு பிறந்தபோது அதன்மேல் கனத்த பாறைக் கூரை ஒன்று இருந்தது. இன்று அக்கல்லை நாம் வெயிலிலும் மழையிலும் காண்கிறோம் என்றால், இடைக்காலத்தில் அக்கூரை முழுதும் தேய்ந்து அகன்றிருக்க வேண்டும். கல் பிறந்த நாள் ஒன்று. அது வெளிப்பட்ட நாள் வேறொன்று. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை எவ்வாறு அளப்பது?

இலங்கை மணலிற் கிடைத்த கருமணி

கல்லின் வயதைக் கணிக்கலாம் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. யுரேனியம், தோரியம் முதலிய தனிமங்கள் ஓய்வின்றிச் சிதைகின்றன. சிதையும்போது ஹீலியம் என்னும் வாயு பிறக்கிறது. சிதைவின் முடிவில் காரீயம் எஞ்சுகிறது. சிதையும் வேகம் மாறாதது. ஆதலின் கனிமத்துள் எஞ்சிய தாய்ப்பொருளையும் சேர்ந்த சேய்ப்பொருளையும் அளந்தால் காலம் தெரியும். ரதர்போர்டு ஹீலியத்தைக் கொண்டு இத்தகைய கணக்கை முதலிற் செய்து காட்டினார்.

அவ்வேளையில் அறிஞர் கைக்கு எட்டிய அருமையான கனிமம் ஒன்று இலங்கையிலிருந்து வந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநராக இருந்தவர் ஆனந்த குமாரசாமி. சர் முத்து குமாரசாமியின் மைந்தர். கொழும்பில் 1877-இல் பிறந்தவர். சிவ நடனத்திற்கு விளக்கம் எழுதிய கலையறிஞராகவே நாம் அவரை அறிவோம். அவர் முதலில் நிலவியலாளர் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அவர் பணிக்காலத்தில், சபரகமுவ மாகாணத்து ஆற்றுச் சரளையில், இரத்தினக்கல் தேடுவோர் கைப்பட்ட கனத்த கருநிறக் கனசதுர மணிகள் ஆய்வுக்கு வந்தன. 1904-இல் அவை தோரியம் மிகுந்த புதிய கனிமம் எனத் தெளியப்பட்டு ‘தோரியனைட்டு’ என்று பெயர் பெற்றன. சூடேற்றினால் அவற்றிலிருந்து ஹீலியம் மிகுதியாக வெளிவந்தது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அவற்றை நாடின. லண்டனில் ராம்சேயிடம் பயின்ற ஜெர்மானிய இளைஞர் ஓட்டோ ஹான், 1905-இல் ‘ரேடியோதோரியம்’ என்னும் புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டது இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பெற்ற பொருளில்தான். அதே ஹான் 1938-இல் ஸ்ட்ராஸ்மானுடன் சேர்ந்து யுரேனிய அணு பிளவுறுதலைக் கண்டுபிடித்தார். இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

இனி வயதுக் கணக்குக்கு வருவோம். 1907-இல் அமெரிக்கரான போல்ட்வுட், காரீய அளவைக் கொண்டு இலங்கைத் தோரியனைட்டின் வயது 220 கோடி ஆண்டு என்றார். 1910-இல் லண்டனில் ஸ்ட்ரட் என்பவர் வேறு வழி சென்றார். தோரியனைட்டைக் கரைத்து மூடி வைத்து, அதில் புதிதாகப் பிறக்கும் ஹீலியத்தைச் சில மாதங்கள் பொறுத்திருந்து அளந்தார். அவ்வேகத்தைக் கொண்டு கணித்தபோது வயது மிகக் குறைவாக வந்தது. 1911-இல், அப்போது இருபத்தொரு வயதே ஆன ஆர்தர் ஹோம்ஸ், இலங்கைக் கனிமங்களுக்குக் காரீய வழியில் 164 கோடி ஆண்டு என்று கணித்தார்.

இம்மூவரின் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இலங்கையின் அக்கனிமங்கள் பிறந்த காலம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன் என்று இன்று கணிக்கப்படுகிறது. காரீயக் கணக்கு மிகையானதற்குக் காரணம் எளிது. தோரியமும் சிதைந்து காரீயமாகிறது என்பது அன்று தெளிவாகத் தெரியாது. தோரியம் ஈன்ற காரீயத்தையும் யுரேனியத்தின் கணக்கிலேயே எழுதிவிட்டனர். 1913-இல் சாடி ஐசோடோப்புகளை விளக்கிய பின்னரே இக்குழப்பம் தீர வழி பிறந்தது.

ஹீலியக் கணக்குக் குறைந்ததற்குக் காரணம் வேறு. ஹீலியம் வாயுவாதலின் கனிமத்திலிருந்து கசிந்துவிடுகிறது. ஸ்ட்ரட் இதனை நன்கு அறிந்தவர். தம் கட்டுரைத் தலைப்பிலேயே தாம் கூறுவது ‘குறைந்த அளவு மதிப்பீடு’ என்று குறித்தார். ஒழுகும் பானையால் நீர் அளக்கலாகாது என்று கருதிய உலகம், நாளடைவில் ஹீலிய முறையை ஒதுக்கிவிட்டது.

குறையே கருவியானது

அரை நூற்றாண்டு கழிந்து இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. 1960-களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எமிலி யேகர் என்னும் அம்மையார் ஆல்ப்ஸ் மலைக் கற்களை ஆராய்ந்தார். கருநிறக் காக்காப்பொன்னைக் கொண்டு கணித்தால், பாறை உருமாறிய காலத்தினும் குறைந்த வயது வந்தது. ஆய்வு பிழை என்று அவர் தள்ளிவிடவில்லை. அவ்வயது கல் பிறந்த காலத்தைக் குறிப்பதன்று. கல் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே ஆறிய காலத்தைக் குறிப்பது என்று அவரும் அவருடன் உழைத்தோரும் கண்டனர். அதற்குக் ‘குளிர்வு வயது’ என்று பெயரிட்டனர். 1973-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து டாட்சன் இதற்குக் கணித வடிவம் தந்து, ‘அடைபடு வெப்பநிலை’ என்னும் கருத்தை நிலைநாட்டினார்.

தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் வெட்டிய பால் மங்கில் வடிகிறது. பால் நீராக இருக்கும்வரை அதில் விழுந்த தூசும் துரும்பும் நிலையாக ஓரிடத்தில் நில்லா. மங்கைச் சாய்த்தால் பாலோடு வழிந்துவிடும். பால் உறைந்த பின் விழுந்தது விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மங்கிலுள்ள கட்டிப் பாலின்மேல் படிந்த தூசை எண்ணிக் காலம் கணிப்பவன், மரம் வெட்டிய நேரத்தைக் காண மாட்டான். பால் உறைந்த நேரத்தையே காண்பான். கனிமமும் அவ்வாறே. சூடாக இருக்கும்வரை அதனுட் பிறக்கும் வாயு தங்காது ஓடிவிடும். குறித்த வெப்பநிலைக்குக் கீழே ஆறியதும் கதவு சாத்தப்படும். அன்று தொடங்கித்தான் கணக்கு ஏறும்.

ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு வெப்பநிலையிற் கதவைச் சாத்துகிறது என்பதுதான் இங்கே வியப்பு. சிர்க்கன் மணியில் யுரேனியம் ஈன்ற காரீயம் 900 பாகைக்கு மேலும் தப்பிப் போகாது. ஆகவே அது கல்லின் பிறப்பைச் சொல்லும். கருநிறக் காக்காப்பொன்னில் ஆர்கன் வாயு ஏறத்தாழ 300 பாகையில் அடைபடும். சிர்க்கனில் ஹீலியம் ஏறத்தாழ 180 பாகையில் அடைபடும். அபடைட்டு என்பது நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள பொருளுக்கு இனமான கனிமம். அதில் ஹீலியம் ஏறத்தாழ 70 பாகையில்தான் அடைபடும். 1987-இல் ஸைட்லர் முதலிய நால்வர் அபடைட்டின் ஹீலியத்தை மீண்டும் எடுத்து ஆராய்ந்து, ஸ்ட்ரட் காலத்திற் குறையாகக் கருதப்பட்ட கசிவே குளிர்வை அளக்கும் கருவியாகும் என்று காட்டினர். ஒழுகும் பானை, எப்போது ஒழுகல் நின்றது என்று சொல்லத் தொடங்கியது.

இவற்றோடு மற்றொரு கடிகாரமும் உண்டு. யுரேனிய அணு எப்போதாவது தானே இரண்டாகப் பிளக்கும். பிளந்த துண்டுகள் கனிமத்தைக் கிழித்துச் செல்லும் வடு, மயிரிழையினும் நுண்ணியது. அமிலத்தில் தோய்த்தால் அவ்வடு அகலித்து நுண்ணோக்கியில் தெரியும் என்பதை 1960-களின் தொடக்கத்தில் பிரைஸ், வாக்கர், பிளைஷர் ஆகியோர் அமெரிக்காவிற் கண்டனர். அபடைட்டு ஏறத்தாழ 110 பாகைக்கு மேல் சூடாக இருந்தால் வடுக்கள் ஆறி மறையும். அதற்குக் கீழே நிலைக்கும். வடுக்களை எண்ணினால் கல் அவ்வெப்பத்தைக் கடந்த காலம் வரும். இலங்கைக் கருமணியில் தம் முதல் வெற்றியைக் கண்ட ஹான், பிற்காலத்தில் கண்ட அணுப்பிளவே இவ்வடுக்களுக்கு மூலம் என்பதை வாசகர் இப்போது உணர்வர்.

வெப்பத்திலிருந்து ஆழத்திற்கு

நிலத்துள் இறங்க இறங்க வெப்பம் ஏறும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை என்று கொள்ளலாம். நம் நாட்டில் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 27 பாகை. ஆகவே 110 பாகை என்பது ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழம். ஒரு கல்லில் அபடைட்டு வடுக்கள் 3 கோடி ஆண்டு காட்டுகின்றன என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அக்கல் 3 கோடி ஆண்டில் 3 கிலோமீட்டர் தடித்த கூரையை இழந்து மேலே வந்திருக்கிறது. அதாவது பத்தாயிரம் ஆண்டுக்கு ஒரு மீட்டர். ஒரே கல்லிலிருந்து நான்கைந்து கனிமங்களை எடுத்துக் கணித்தால், அக்கல் ஏறி வந்த படிகளைத் தேதியோடு எழுதிவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இம்முறை அளப்பது கல் ஆறியதை. மலையின் உயரத்தை அன்று. மேலுள்ள பாறை தேய்ந்து அகன்றாலும் கல் ஆறும். சுற்றுப்புறத்து வெப்பமே தணிந்தாலும் ஆறும். பிற்காலத்தில் மீண்டும் சூடு ஏறினால், சாத்திய கதவு திறந்து பழைய கணக்கு அழியவும் கூடும். ஆகவே நல்ல ஆராய்ச்சியாளர் ஒரு கனிமத்தின் சொல்லை மட்டும் நம்புவதில்லை. பல சாட்சிகளை நிறுத்தி வினவுகிறார்.

நம் மலை கூறும் கதை

தித்திவங்சா கிரானைட்டின் சிர்க்கன் மணிகள் கூறும் பிறப்புக் காலம் ஏறத்தாழ 20 முதல் 23 கோடி ஆண்டுக்கு முன். இரு நிலத்தட்டுகள் மோதி இணைந்த காலம் அது. ஆனால் 1977-இல் பிக்நெல், ஸ்னெலிங் இருவரும் மலாயாக் கிரானைட்டுகளின் காலக்கணிப்பைத் தொகுத்து வெளியிட்டபோது, காக்காப்பொன் காட்டிய வயதுகள் பலவிடங்களில் கல்லின் பிறப்பைவிட மிகக் குறைந்திருந்தன. ஆல்ப்ஸ் ஆய்வால் புகழ்பெற்ற எமிலி யேகரும் அவருடன் பணியாற்றியோரும் பினாங்குத் தீவின் கிரானைட்டை ஆராய்ந்து, பிளவு வடுக்களையும் சேர்த்து 1992-இல் வெளியிட்டனர். 2013-இல் லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரியின் கோட்டம், ஹால் இருவரும், மலாயாப் பல்கலைக்கழகத்தின் அஸ்மான் கானியும் தீபகற்பம் முழுவதற்குமான குளிர்வு வரலாற்றை ஆராய்ந்தனர்.

அவற்றின் சாரம் இது. கல் பிறந்ததும் மேலே வந்துவிடவில்லை. நெடுங்காலம் ஆழத்திற் கிடந்தது. டைனோசார்கள் வாழ்ந்த யுகம் முடியும் தறுவாயை ஒட்டியும் அதன் பின்னரும், அதாவது ஏறத்தாழ 6, 7 கோடி ஆண்டுக்கு முந்திய காலத்தையொட்டி, தீபகற்பம் குறிப்பிடத்தக்க அளவு குளிர்ந்தது. பின்னர் ஈயோசீன் இறுதியிலும் ஒலிகோசீன் காலத்திலும், அதாவது ஏறத்தாழ 3 கோடி ஆண்டுக்கு முன்னர், மீண்டும் ஒருமுறை மேற்கூரை தேய்ந்து கல் மேலெழுந்தது. பிறப்புக்கும் வெளிப்பாட்டுக்கும் இடையே பதினைந்து கோடி ஆண்டுக்கு மேற்பட்ட இருட்டறை வாசம் அக்கல்லுக்கு வாய்த்திருக்கிறது.

சபாவிலுள்ள கினபாலு இதற்கு நேர்மாறு. அதன் கிரானைட்டு 78 லட்சம் முதல் 72 லட்சம் ஆண்டுக்கு முன்னர்தான் பிறந்தது. பிறந்து சில லட்சம் ஆண்டுகளிலேயே விரைந்து மேலெழத் தொடங்கி, இன்று 4,095 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தித்திவங்சாவின் கல் மூத்தது. கினபாலுவின் கல் மிக இளையது. மூத்தது தாழ்ந்தும் இளையது உயர்ந்தும் நிற்பதைக் காணும்போது, கல்லின் வயதுக்கும் மலையின் நிமிர்வுக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பது விளங்கும். தமிழ்நாட்டு நீலகிரியும் இதற்குச் சான்று. தொட்டபெட்டாவின் சார்னோக்கைட்டுக் கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் 1993-லும் 2003-லும் வெளிவந்த பிளவு வடு ஆய்வுகள் காட்டும் குளிர்வுக் காலம், அப்பழமையின் முன் மிகக் குறுகியது.

மலை தேய்ந்தது, ஊர் எழுந்தது

இது வெறும் கல்லின் கதை அன்று. நம் வரலாற்றின் அடிப்படையும் இதில் உண்டு. கிரானைட்டுக் குழம்பு இறுகியபோது அதன் மேற்பகுதியிலும் விளிம்புகளிலும் வெள்ளீயக் கனிமம் சேர்ந்தது. கூரை அகலாதிருந்தால் அச்செல்வம் நிலத்தடியிலேயே புதைந்திருக்கும். கூரை தேய்ந்து, கிரானைட்டும் தேய்ந்து, கனத்த வெள்ளீய மணலை ஆறுகள் அடிவாரத்தில் குவித்தன. கிந்தா பள்ளத்தாக்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும், இன்றைய சிரம்பானைச் சூழ்ந்த சுங்கை ஊஜோங்கிலும் மக்கள் தோண்டியது இதனைத்தான். நாம் ‘ஈய லம்பம்’ என்று வழங்கும் சுரங்கங்கள், மலை தேய்ந்த கணக்கின் எஞ்சிய வரவேயாகும். 1903-இல், குமாரசாமி இலங்கையில் இயக்குநரான அதே ஆண்டில், ஸ்க்ரிவனர் இங்கே ஐக்கிய மலாய் மாநிலங்களின் நிலவியலாளராக அமர்த்தப்பட்டதும் வெள்ளீயத்தின் பொருட்டே.

ஈயம் இருந்ததால் இருப்புப்பாதை வந்தது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த பாதை 1891-இல் திறக்கப்பட்டது. பாதை வந்த நிலத்தில் தோட்டங்கள் பெருகின. கிரானைட்டு மக்கிய செம்மண்ணில் ரப்பர் செழித்தது. பாதை போடவும் காடு வெட்டவும் பால் எடுக்கவும் நம் முன்னோர் கடல் கடந்து வந்தனர். மலை இழந்த மண்ணின் மீதுதான் நம் குடியிருப்புகள் எழுந்தன. நம் பிள்ளைகள் விளையாடும் திடலின் மணலும் ஒருகாலத்தில் கிரானைட்டுக் கல்லுக்குள் பளிங்கு மணியாக இருந்ததே.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

பழமையைப் போற்றுதல் நமக்கு இயல்பு. அது தவறன்று. ஆனால் பழமை என்பது ஒரே எண்ணில் அடங்குவதன்று என்பதைக் கனிமங்கள் கற்பிக்கின்றன. ஒரே கல், ஒரு கனிமத்தைக் கேட்டால் 21 கோடி என்கிறது. மற்றொன்றைக் கேட்டால் அதனிற் குறைத்துச் சொல்கிறது. இரண்டும் பொய்யல்ல. ஒன்று பிறப்பைச் சொல்கிறது. மற்றது ஆறி வெளிவந்த வழியைச் சொல்கிறது. எந்த வினாவுக்கு எந்த விடை என்று அறியாமல் பெரிய எண்ணையே பிடித்துக்கொள்பவர், போல்ட்வுட்டின் 220 கோடியைப் போல் மிகையிற் சென்று முடிவர். சிறிய எண்ணைப் பிழையென்று எறிந்துவிடுபவர், ஹீலியத்தை ஒதுக்கியோரைப் போல் நல்ல கருவியொன்றை நெடுங்காலம் இழந்து நிற்பர். நூல்களின் காலத்தையும் குடிகளின் வரலாற்றையும் வகுப்பில் விளக்கும்போதும் இவ்வேறுபாடு பயன்படும். நூல் பாடப்பட்ட காலம் ஒன்று, தொகுக்கப்பட்ட காலம் ஒன்று, அச்சேறி வெளிப்பட்ட காலம் ஒன்று என்பதை நாம் அறிவோம் அன்றோ?

அம்மாணவனை அடுத்த வாரம் அழைத்தேன். “தம்பி, அன்று நான் சொன்னது பாதிதான் சரி. அந்தக் கல் இருபது கோடி ஆண்டுக்கு முன்பே பிறந்துவிட்டது. ஆனால் பிறந்தபோது அது மலையாக நிற்கவில்லை. நெடுங்காலம் நிலத்துக்கு அடியில் சூடாகக் கிடந்தது. மேலிருந்த பாறை தேயத் தேய ஆறி, படிப்படியாக மேலே வந்தது,” என்றேன். சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் இன்னும் தேய்கிறதா, ஐயா?” என்று கேட்டான்.

ஆம், தேய்கிறது. அடைமழை நாளில் நம் தோட்டத்துக் கால்வாயிற் செந்நிறமாக ஓடும் நீரே அதற்குச் சாட்சி. இம்முறை நான் சொன்ன ‘ஆம்’ தவறன்று.